திண்டுக்கல் புகையிலையும் திருச்சிச் சுருட்டும்: கடல் கடந்த சந்தையில் பழநிமலைப் பெயர்கள்

1887ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனில் வெளிவந்த ஓர் ஆண்டு மலரில் புதிய துப்பறியும் நாவல் ஒன்று இடம்பெற்றது. ஆர்தர் கோனன் டாயில் எழுதிய ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’. ஷெர்லக் ஹோம்ஸ் உலகுக்கு அறிமுகமானது அதில்தான். கொலை நடந்த அறையின் தரையில் உதிர்ந்து கிடந்த சாம்பலை வைத்தே, கொலையாளி புகைத்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுகிறார். திருச்சினாப்பள்ளி எங்கே இருக்கிறது, அந்தச் சுருட்டு எப்படிப்பட்டது என்று கதாசிரியர் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. லண்டன் வாசகருக்கு அந்தப் பெயர் அவ்வளவு பழக்கமாகியிருந்தது.

சுருட்டு திருச்சி உறையூரில் சுற்றப்பட்டது உண்மை. ஆனால் அதற்கான புகையிலையில் பெரும்பகுதி திருச்சி மண்ணில் விளைந்ததல்ல. பழநிமலைக்கும் சிறுமலைக்கும் இடைப்பட்ட திண்டுக்கல் சீமையின் கிணற்றுப் பாசனக் காடுகளில் விளைந்து, பதமாகி, மாட்டு வண்டியிலும் பின்னர் ரயிலிலும் திருச்சிக்குப் போனது. பிற்காலத்தில் திண்டுக்கல்லிலேயே ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை ஓடியது. அப்போதும் இங்கிலாந்தில் நிலைத்த பெயர் திருச்சிதான். புகையிலை நட்டவனின் ஊருக்கு அந்தப் புகழில் பங்கு கிடைக்கவில்லை.

அதே 1887இல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சரக்குக் குறிகள் சட்டத்தை நிறைவேற்றியது. ஜெர்மனியின் சோலிங்கன் பட்டறைகள் மலிவான கத்திகளைச் செய்து, ஷெஃபீல்டு கத்தி என்று தோன்றும்படி முத்திரை குத்தி விற்பதாக ஷெஃபீல்டு தொழிலதிபர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுச் சரக்கு எங்கே செய்யப்பட்டது என்பதை மறைத்து விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. ‘ஜெர்மனியில் செய்தது’ என்று பொருளின் மேல் அச்சிடும் வழக்கம் அதிலிருந்து பிறந்தது. இரண்டே ஆண்டுகளில், 1889இல், இந்தியாவுக்கும் அதே வகையில் ஒரு சட்டம் வந்தது. ஊர்ப்பெயருக்குச் சந்தையில் விலை உண்டு, அதைத் திருடலாம், திருடினால் தண்டிக்கலாம் என்ற எண்ணம் அப்போதே சட்டமாகிவிட்டது. ஆனால் கேட்கத் தெரிந்தவர்களுக்காக வந்த சட்டம் அது. ஷெஃபீல்டுக்கு நாடாளுமன்றத்தில் குரல் இருந்தது. வேடசந்தூர்ப் புகையிலைச் சம்சாரிக்கு எந்த மன்றத்திலும் குரல் இல்லை.

வெளிநாட்டுச் சந்தையில் பெயரைக் காப்பாற்றுவது பற்றிப் பேசும்போது காப்புரிமை, வணிகமுத்திரை, பெரிய கம்பெனிகளின் வழக்குகள்தாம் நினைவுக்கு வருகின்றன. பழநிமலையின் வரலாறு அந்தப் பேச்சை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்க வைக்கிறது. இங்கே பெயர் ஒரு கம்பெனியுடையது அன்று, ஒரு மலையுடையது. மலைக்காக வழக்கு நடத்தப் போவது யார் என்ற கேள்வி புகையிலைக் காலத்திலிருந்து இன்றுவரை தொடர்கிறது.

கொடைக்கானல் என்றதும் வெள்ளைக்காரர்களின் ஊர் என்றே பலரும் தொடங்குவார்கள். 1821இல் லெப்டினன்ட் வார்டு மலையை அளந்ததும், 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார்கள் முதல் வீடுகளைக் கட்டியதும், 1863இல் வெர் லெவிஞ்ச் ஏரியை உருவாக்கியதும் உண்மைதான். ஆனால் அவர்கள் ஏறி வருவதற்கு வெகுகாலம் முன்பே பூம்பாறையிலும் வில்பட்டியிலும் தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் படிக்கட்டு வயல்கள் இருந்தன. குன்னுவர் முதலான மலைக்குடிகள் அங்கே பயிர் செய்தார்கள். வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் ஏறும் லாஸ் காட் சாலை 1914 வாக்கில்தான் திறந்தது. அதுவரை மலைச்சரக்கு பெரியகுளம் பக்கம் கால்நடையாகத்தான் இறங்கியது. தலைச்சுமை, குதிரை, கழுதை. வெள்ளகவி போன்ற ஊர்களில் நம் காலம் வரைக்கும் குதிரைதான் சரக்கு வாகனம். மலையில் விளைந்தது மலைக்குக் கீழேதான் விலை பெற்றது, மலைக்குக் கீழேதான் பெயரும் பெற்றது.

அப்படிப் பெயர் பெற்றவற்றில் முதன்மையானது மலைவாழை. பழநிமலையின் கீழ்ச்சரிவில், காப்பிச் செடிக்கு நிழலாகவும் மிளகுக்கும் கமலா ஆரஞ்சுக்கும் துணையாகவும் நட்டு, பல ஆண்டுகள் விட்டு வைக்கும் பயிர் அது. பழம் சிறிது, மஞ்சள் தோல், உரித்தால் கையில் ஈரம் ஒட்டாது, நீர்ச்சத்து குறைவு, வாசனை அறையை நிரப்பும். ஒட்டன்சத்திரத்தை அடுத்த விருப்பாச்சியின் பெயரே அந்தப் பழத்துக்கு நிலைத்துவிட்டது. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த பாளையம் அது. கும்பினிக்கு எதிராகக் கிளர்ந்து 1801இல் தூக்கில் ஏறிய கோபால் நாயக்கரின் ஊர். வரலாற்றுப் புத்தகம் படிக்காத தமிழரும் விருப்பாச்சி என்ற சொல்லை அறிந்திருப்பது அந்தப் பழத்தால்தான்.

விருப்பாச்சிப் பழத்தைப் பெரிய சந்தைக்குக் கொண்டுபோனது பழநி தண்டாயுதபாணி கோயிலின் பஞ்சாமிர்தம். வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய். கூடவே பேரீச்சையும் கற்கண்டும். சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை, கெடாமலிருக்க ரசாயனமும் சேர்ப்பதில்லை. அப்படியும் அது நாள்கணக்கில் தாங்குவதற்குக் காரணம் ஈரம் குறைந்த மலைப்பழம். தைப்பூசத்துக்கு வந்த மலையாளப் பக்தரும், சிங்கப்பூர், பினாங்கிலிருந்து வேண்டுதலுக்கு வந்த குடும்பமும் டப்பாவோடு திரும்பினார்கள். ஏற்றுமதி என்ற சொல்லே புழங்காத காலத்தில், பிரசாதமாக, பழநியின் பெயர் கடல் கடந்து போயிற்று. முருகன் கோயில் இருக்கும் இடமெல்லாம் பழநிப் பஞ்சாமிர்தம் என்றால் விளக்கம் தேவைப்படாத நிலை உண்டானது. லண்டனில் திருச்சிச் சுருட்டுக்கு இருந்த அதே நிலை.

பெயர் இப்படிப் பரவிக்கொண்டிருந்தபோது மலையில் பழம் செத்துக்கொண்டிருந்தது.

முடிக்கொத்து நோய் என்று விவசாயிகள் சொல்லும் வைரஸ் நோய் அது. இலைகள் குட்டையாகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். மரம் தார் தள்ளாது. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி மரத்துக்கு மரம் நோயைக் கொண்டுபோகிறது. நோயுள்ள பக்கக்கன்றை வெட்டி எடுத்து நடும் மனிதன் ஊருக்கு ஊர் கொண்டுபோகிறான். 1889இல் பிஜித் தீவில் முதலில் பதிவான நோய். 1913இல் இலங்கையில் காணப்பட்டது. 1940 வாக்கில் கேரளத்தில் நுழைந்தது. எழுபதுகளில் பழநிமலைச் சரிவில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, சில பத்தாண்டுகளில் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒன்பது பங்கில் எட்டுப் பங்கு போய்விட்டது. தோட்டத்தை விட்டுக் கூலி வேலைக்கு இறங்கிய குடும்பங்களைத் தாண்டிக்குடிப் பக்கம் இன்றும் பார்க்கலாம்.

பெயர் மட்டும் குறையவில்லை. பழநி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைகள் பெருகின. மலைப்பழம் கிடைக்காத நாளில் சமவெளிப் பழத்தைப் போட்டுச் செய்வது ஊரறிந்த சங்கதி. வெளியூர்ச் சந்தைகளில் ஏதோ ஒரு சிறு வாழைப்பழம் மலைப்பழம் என்ற பெயரில் விலை போனது. போலி எங்கே முளைக்கிறது என்பதைப் பார்த்தால் இது புரியும். அசல் தட்டுப்பாடாகி, பெயர் மட்டும் பெரிதாக நிற்கும் இடத்தில்தான் அது முளைக்கிறது. ஆகவே விருப்பாச்சியின் பெயரைக் காக்கும் முதல் வேலையைச் செய்தவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர், தடியன்குடிசையில் இருக்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் என்றே சொல்ல வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானிகள் வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகளை உருவாக்கி, விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு, மலைவாழையைத் திரும்ப ஏற்றினார்கள். பழம் இல்லாமல் பழத்தின் பெயரை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்திலும் நிற்க முடியாது.

ஊர்ப்பெயரைக் காக்கும் சட்டம் இந்தியாவுக்கு வந்த கதைக்கு அமெரிக்கா போக வேண்டும். 1995இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். இருவருமே இந்திய வம்சாவளியினர். அடிபட்ட இடத்தில் மஞ்சள் பற்றுப் போடாத பாட்டி நம் ஊரில் உண்டா? ஆனால் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் பாட்டியின் சாட்சியம் செல்லாது. அச்சில் வந்த ஆதாரம் வேண்டும். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம், மஷேல்கர் தலைமையில், பழைய சமஸ்கிருத நூல்களையும் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் தேடிப் பிடித்து முன்வைத்தது. 1997 ஆகஸ்டில் அந்தக் காப்புரிமை ரத்தானது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அடுத்த மாதமே, 1997 செப்டம்பர் 2இல், டெக்சாஸைச் சேர்ந்த ரைஸ்டெக் நிறுவனத்துக்குப் பாசுமதி அரிசி வகைகள் மீது காப்புரிமை கிடைத்தது. இந்தியா எதிர்த்தது. பல கோரிக்கைகளை அந்த நிறுவனம் கைவிட வேண்டியிருந்தது. 2001இல் எஞ்சியது குறுகிய உரிமைதான். ஆனால் பாசுமதி என்ற பெயரை அமெரிக்காவில் யாரும் பயன்படுத்தக் கூடாது என்று இந்தியாவால் தடுக்க முடியவில்லை. காரணம் உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதன் 24ஆம் பிரிவு நேராகச் சொல்கிறது: தன் சொந்த நாட்டில் காப்பு இல்லாத ஊர்ப்பெயருக்கு வேறு எந்த நாடும் காப்புத் தர வேண்டியதில்லை. 1997இல் இந்தியாவில் ஊர்ப்பெயரைக் காக்கத் தனிச் சட்டமே கிடையாது. வீட்டுக்கதவைத் திறந்து போட்டுவிட்டு அயலூரில் போய்த் திருட்டுப் புகார் கொடுத்த நிலை.

அந்தச் சூட்டில்தான் 1999இல் புவிசார் குறியீடுகள் சட்டம் நிறைவேறியது. 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்கும் ஒரே பதிவகம், அதுவும் தமிழ்நாட்டில், சென்னை கிண்டியில். முதல் பதிவு டார்ஜிலிங் தேயிலை. இந்தச் சட்டத்தின் சிறப்பை ஒரு வரியில் சொல்லலாம்: பெயர் பதிவான பின் அதை விற்கவோ அடகு வைக்கவோ யாருக்கும் உரிமம் எழுதித் தரவோ முடியாது. வணிகமுத்திரையை ஒரு முதலாளி இன்னொருவருக்கு விற்கலாம். விருப்பாச்சியை விற்க முடியாது. பொய்யாக அந்தப் பெயரைப் போட்டு விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

விருப்பாச்சி மலைவாழையும் சிறுமலை மலைவாழையும் 2008 வாக்கில் பதிவாயின. விண்ணப்பித்தது தமிழ்நாடு மலைவாழை விவசாயிகளின் கூட்டமைப்பு. புகையிலைக் காலத்துக்குப் பிறகு மலைச்சீமை விவசாயி தன் பொருளின் பெயரைத் தானே சென்று எழுதிவைத்துக்கொண்ட நிகழ்ச்சி இது. இதற்குரிய கவனம் அன்று கிடைக்கவில்லை. 2019இல் பழநிப் பஞ்சாமிர்தத்துக்குக் குறியீடு கிடைத்தபோது, தமிழ்நாட்டில் கோயில் பிரசாதம் ஒன்றுக்குக் கிடைத்த முதல் குறியீடு என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. திண்டுக்கல் பூட்டுக்கும் அதே ஆண்டுதான். அதே ஆண்டில் கொடைக்கானல் மலைப்பூண்டும் பட்டியலில் ஏறியது.

பூண்டைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கிளாவரை, கவுஞ்சி என்று வரிசையாக இருக்கும் ஊர்களின் படிக்கட்டு வயல்களில் ஆண்டுக்கு இரண்டு பருவம் விளைகிறது. பிடுங்கிய பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, வீட்டிலோ கொட்டகையிலோ உயரத்தில் தொங்கவிடுவார்கள். அடியில் அடுப்புப் புகை. நாள்கணக்கில் புகை ஏறி ஏறி மேல்தோல் பழுப்படையும். உள்ளே பல் இறுகி நிற்கும். அப்படிப் பதமான பூண்டு மாதக்கணக்கில் முளைக்காது, சொத்தையாகாது. ஒரு பல்லைக் கடித்தால் காரம் மூக்கில் ஏறும். சமவெளிச் சந்தையில் குவிந்து கிடக்கும் பெரிய வெள்ளைப் பூண்டில் அது இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவும், வாயுத் தொல்லைக்கும் மலைப்பூண்டுதான் வேண்டுமென்று கேட்டு வாங்கும் குடும்பங்கள் மதுரை, தேனிப் பக்கம் ஏராளம். பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தையில் மூட்டையைப் பிரித்ததும் வியாபாரி முதலில் செய்வது, ஒரு பல்லை நகத்தால் கீறி முகர்ந்து பார்ப்பதுதான்.

இந்த வாசனை மண்ணாலும் குளிராலும் வருவது என்பதை ஆய்வகத்தில் காட்டும் வேலையைச் செய்தது கொடைக்கானலிலேயே இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் உயிரித்தொழில்நுட்பத் துறை. 1984இல் தொடங்கிய பல்கலைக்கழகம். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் துணை நின்றது. கந்தகச் சேர்மங்களின் அளவு, விளையும் எல்லை, பயிரிடும் முறை, வரலாற்றுச் சான்று எல்லாவற்றையும் தொகுத்துத்தான் கிண்டிக்குக் கொடுக்க வேண்டும். நம் மண்ணின் பொருளுக்கு நம் ஊர்ப் பல்கலைக்கழகம் சான்று தேடித் தந்தது பெருமைப்பட வேண்டிய செய்தி.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். குறியீடு காப்பது பெயரைத்தான், விதையை அல்ல. மேல்மலைப் பூண்டை வாங்கிப் போய் வேறு மாநிலத்தில் விதைப்பூண்டாக நடுவதை இந்தச் சட்டம் தடுக்காது. அப்படி விளைந்ததைக் கொடைக்கானல் மலைப்பூண்டு என்று சொல்லி விற்பதைத்தான் தடுக்கும். 2014 முதல் சீனப் பூண்டு இறக்குமதிக்கு இந்தியாவில் தடை இருக்கிறது; பூஞ்சைத் தொற்று அச்சத்தால் வந்த தடை அது. நம் நாட்டுக்குள் இப்படி இரண்டு வேலிகள் நிற்கின்றன. சிங்கப்பூர்க் கடையிலோ துபாய்ச் சந்தையிலோ இந்த இரண்டும் கிடையாது.

கிண்டியில் கிடைத்த சான்றிதழின் பலம் இந்திய எல்லையோடு முடிந்துவிடுகிறது. கோலாலம்பூரில் யாரோ ஒருவர் பக்கத்து ஊர் வாழையைப் பிசைந்து டப்பாவில் அடைத்துப் பழநிப் பஞ்சாமிர்தம் என்று ஒட்டினால், சென்னைச் சான்றிதழை நீட்டி அவரைத் தடுக்க முடியாது. அந்த நாட்டுச் சட்டத்தில், அந்த நாட்டுப் பதிவகத்தில், அந்த நாட்டுக் கட்டணத்தைக் கட்டிப் பதிய வேண்டும். வணிகமுத்திரைக்காவது 2013இல் இந்தியா மாட்ரிட் நெறிமுறையில் சேர்ந்த பிறகு ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கும் வசதி வந்திருக்கிறது. ஊர்ப்பெயருக்கு அதுபோன்ற லிஸ்பன் ஏற்பாட்டில் இந்தியா இன்னும் சேரவில்லை. ஆகவே நாடு நாடாகத்தான் போக வேண்டும்.

போனவர்களுக்கு என்ன நடந்தது? டார்ஜிலிங் தேயிலையின் பெயரை 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாக்கப்பட்ட பெயராக ஏற்றது. அப்போதும் கலவைத் தேயிலைக்காரர்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தே ஏற்றது. பிரான்சில் உள்ளாடை நிறுவனம் ஒன்று டார்ஜிலிங் என்ற பெயரிலேயே வணிகமுத்திரை கேட்டது. இந்தியத் தேயிலை வாரியம் ஆண்டுக்கணக்கில் வழக்காடியது. 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் வாரியத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. உள்ளாடையைப் பார்த்து அது டார்ஜிலிங்கிலிருந்து வந்தது என்று யாரும் நம்பப் போவதில்லை என்பது வழக்கின் போக்கு. ஓர் அரசு வாரியம், அதன் பணபலம், ஆட்பலம் எல்லாம் இருந்தும் இந்த நிலை. பாசுமதிக்கு இந்தியா 2018இல் ஐரோப்பாவில் விண்ணப்பித்தது, பாகிஸ்தான் ஆட்சேபித்தது. அந்த நாட்டில் ஊர்ப்பெயர்ச் சட்டமே 2020இல்தான் வந்தது. வந்ததும் தன் பாசுமதிக்கும் காப்பு கேட்கும் தகுதி அதற்குக் கிடைத்துவிட்டது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இந்தியாவின் கோரிக்கையை மறுத்தன. பாசுமதி இந்தியாவில் மட்டும் விளைவதில்லையே என்பது அவர்கள் கேள்வி.

அக்கம்பக்கத்தில் நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். இலங்கைத் தேயிலை வாரியம் சிலோன் டீயின் சிங்கமுத்திரையை உலகின் பல நாடுகளில் பதிந்து வைத்திருக்கிறது. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொட்டலமிட்டால்தான் அந்தச் சிங்கத்தைப் போடலாம். சிலோன் கறுவா 2022இல் ஐரோப்பியக் காப்பு பெற்றது. சிறிய நாடு, ஆனால் எந்தப் பொருளுக்கு எந்தச் சந்தை என்று முடிவு செய்து, அங்கே மட்டும் விடாமல் நின்றது. பழநிமலை கற்க வேண்டிய பாடம் டார்ஜிலிங்கின் வழக்குகளைவிட இலங்கையின் இந்த விவேகத்தில் அதிகம் இருக்கிறது.

சட்டத்திலேயே ஓரவஞ்சனையும் உண்டு. உலக ஒப்பந்தத்தின் 23ஆம் பிரிவு திராட்சை மதுவுக்கும் மற்ற மதுபானங்களுக்கும் தனிச் சலுகை தருகிறது. ஷாம்பெயின் அல்லாத ஒன்றை ‘ஷாம்பெயின் பாணி மது’ என்றுகூட எழுத முடியாது. யாரும் ஏமாறவில்லை என்றாலும் குற்றம் குற்றம்தான். பூண்டுக்கும் பழத்துக்கும் பிரசாதத்துக்கும் 22ஆம் பிரிவு மட்டும்தான்: வாங்குபவர் ஏமாறுகிறார் என்று நிரூபித்தால் மட்டுமே தடுக்கலாம். ‘கொடைக்கானல் வகைப் பூண்டு, விளைந்த இடம் சீனா’ என்று ஒருவர் சிறிய எழுத்தில் அச்சிட்டுவிட்டால் வழக்கு சிக்கலாகிவிடும். இந்த வித்தியாசத்தை நீக்க வேண்டும் என்று 2001 தோஹா மாநாட்டுக் காலத்திலிருந்து இந்தியா கேட்டு வருகிறது. பதில் வரவில்லை. 1887இல் ஷெஃபீல்டுக்குக் கிடைத்த கவனிப்பு இன்று ஷாம்பெயினுக்குக் கிடைக்கிறது; வேளாண் பொருள் இன்னமும் இரண்டாம் பந்தியில் காத்திருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் நடக்கக் கூடிய காரியங்கள் இருக்கின்றன. பஞ்சாமிர்தத்துக்கு உலகம் முழுவதும் பதிவு தேவையில்லை. அதை வாங்கும் தமிழர் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும். சிங்கப்பூரில் 2019 ஏப்ரல் முதல் ஊர்ப்பெயர்ப் பதிவகம் இயங்குகிறது. மலேசியா 2000ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 2022இல் புதிய சட்டம் கொண்டுவந்திருக்கிறது. இலங்கையும் 2022இல் தன் சட்டத்தைத் திருத்திப் பதிவேடு அமைக்க வழி செய்தது. மூன்று கதவுகளும் அண்மையில் திறந்தவை. மூன்றும் முருகபக்தர் நிறைந்த நாடுகள். கோயில் நிர்வாகமும் அரசும் சேர்ந்து இந்த மூன்றில் பழநியின் பெயரைப் பதிந்துவிட்டாலே பெரும்பாதி வேலை முடிந்துவிடும். வேறு யாராவது அதே பெயரை அங்கே வணிகமுத்திரையாக எழுதிவைத்துக்கொண்ட பிறகு போனால், டார்ஜிலிங் அலைந்த அலைச்சல்தான்.

உள்ளூரிலும் செய்யாமல் விட்ட வேலை ஒன்று உண்டு. குறியீடு பதிவானதும் எல்லா விவசாயியும் அதைப் பயன்படுத்தலாம் என்றே பலரும் நினைக்கிறார்கள். சட்டப்படி, விளைவிப்பவர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறியவருக்குத்தான் மூட்டை மேல் முத்திரை போடும் உரிமை. போலிக்காரர் மேல் வழக்குத் தொடுக்கும் உரிமை குறியீட்டைப் பதிந்த அமைப்போடு அவருக்கும் உண்டு. மேல்மலையில் இரண்டு காணியில் பூண்டு போடும் பெண்ணிடம் இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா? வெளிநாட்டு இறக்குமதியாளர் கேட்கும் முதல் கேள்வி இந்த மூட்டை அந்த மலையிலிருந்துதான் வந்தது என்பதற்கு அடையாளம் என்ன என்பதுதான். அந்த அடையாளம் இந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. பதிவேட்டில் ஆளில்லாத குறியீடு, சான்றிதழாகச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் தொங்கும். சந்தையில் அதனால் ஒரு கிலோவுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடாது.

புவிசார் குறியீட்டின் ஆயுள் 10 ஆண்டு. கணக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து தொடங்குகிறது. புதுப்பிக்காவிட்டால் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். சொந்த நாட்டில் காப்புப் போன பெயருக்கு 24ஆம் பிரிவின்படி வெளிநாட்டிலும் காப்புக் கிடைக்காது. ஆகவே மலைவாழைக்கும் பூண்டுக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் புதுப்பிக்க வேண்டிய தேதியை விவசாயிகள் சங்கங்களும் பஞ்சாயத்துகளும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகமும் கோயிலும் தங்கள் பங்குக்கு நினைவூட்ட வேண்டும். வெளிநாட்டுத் தமிழர்கள் கடையில் பழநிப் பெயரோடு டப்பாவைக் கண்டால், செய்த இடமும் குறியீட்டு முத்திரையும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். பூம்பாறையிலும் தாண்டிக்குடியிலும் நிலம் வைத்திருப்பவர்கள் பயனாளர் பதிவுக்கு இப்போதே விண்ணப்பிக்கலாம். முன்பு 500 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2020இல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். அலுவலகம் சென்னை கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில், அறிவுசார் சொத்துரிமைக் கட்டடத்தில் இருக்கிறது.